கானாடுகாத்தானில் ஓர் இரவு: மழை, பணியாரம், ஒரு தேக்குத் தூண்

திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகும் நெடுஞ்சாலையில் புதுக்கோட்டை, திருமயம் எல்லாம் தாண்டினால் பெரும்பாலும் பொட்டல்தான். செம்மண், சீமைக்கருவேலம், எங்காவது ஒரு பனைமரம், காய்ந்து கிடக்கும் கண்மாய். காரில் வருகிறவர்கள் கண்ணயரும் இடம் இது. அப்படிக் கண்ணயர்ந்திருந்த ஒரு கணவனும் மனைவியும், கார் சாலையிலிருந்து பிரிந்து கானாடுகாத்தானுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் அரண்மனைகள். மாடத்துக்கு மேல் மாடம், அதன் உச்சியில் இரண்டு யானைகளுக்கு நடுவே கஜலட்சுமி. தெருவிலோ ஆள் இல்லை. ஒரு திண்ணையில் ஒரு ஆடு மட்டும் படுத்திருந்தது.

அவர்கள் சென்னை பெரம்பூர்க்காரர்கள். கல்யாணமாகி 25 வருடம். வெள்ளிவிழாவுக்குத் தங்க நகை வேண்டாம், எங்காவது இரண்டு நாள் தனியாகப் போய் வாருங்கள் என்று மகள்தான் இந்த வீட்டில் அறை பிடித்துக் கொடுத்திருந்தாள். இரவு தங்கலாம், காலைப் பலகாரமும் உண்டு. அம்மாவும் அப்பாவும் ஏற்றுக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. புதிதாக வாங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வரவேற்பறைக்கு ஒரு பழைய பர்மா தேக்குத் தூண் வைக்கவேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. காரைக்குடியில் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அளவெடுக்கும் நாடா கைப்பையிலேயே இருந்தது.

"வாங்க ஐயா, வாங்க ஆச்சி. வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிக்கிறீகளா?"

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வாசலுக்கே வந்துவிட்டார். தன்னை ஒருவர் ஆச்சி என்று கூப்பிட்டதும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடமாக இந்த வீட்டில் வேலை பார்க்கிற அவருக்கு, இந்த நிலைப்படி தாண்டி வருகிற எந்தப் பெண்ணும் ஆச்சிதான்.

தெருவிலிருந்து தெரு வரை

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் ஒன்றுதான்: வாசலில் நின்று நேராகப் பார்ப்பது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுக்களைக் கட்டு என்று நிலை மேல் நிலையாகப் போய், கடைசியில் பின்வாசலில் ஒரு சின்ன வெளிச்சச் சதுரம் தெரியும். அது அடுத்த தெரு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில். ஒரு வீடே ஒரு தெருவின் அகலத்தை விழுங்கிக்கொண்டு படுத்திருக்கும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்த வீடுகளை ஏறத்தாழ 1850-லிருந்து 1940-கள் வரை கட்டினார்கள். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் இவை பரவிக் கிடக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால் உள்நாட்டுக்கு வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. அதனால்தானோ என்னவோ, தண்ணீர் தட்டுப்பாடான இந்தப் பூமியிலும் வீட்டைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தியே கட்டினார்கள். படி ஏறித்தான் திண்ணைக்குப் போகவேண்டும்.

திண்ணையின் இரண்டு பக்கமும் தேக்குத் தூண்கள். மனைவி ஒன்றைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையும் சேரவில்லை.

"இதெல்லாம் பர்மாவிலேருந்து கப்பல்ல வந்ததா?"

"ஆமா ஆச்சி. மரம் பர்மா, பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம்னு சொல்லுவாக. தரைக் கல்லு மட்டும் நம்ம ஆத்தங்குடி."

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பெரியவர். மதியம் மூன்று மணி வெயிலிலும் சுவர் ஜில்லென்று இருந்தது. சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பூச்சு. நூறு வருடமாக வண்ணம் அடிக்கவேண்டிய தேவையே வராத சுவர்கள் இன்னும் செட்டிநாட்டில் இருக்கின்றன. கை வைத்தால் பளிங்கு போல வழுக்கும்.

புள்ளிக்கு ஓர் அறை

அவர்களுக்குக் கொடுத்த அறை வளவைப் பார்த்தபடி இருந்தது. வளவு என்பது வீட்டின் நடுவே உள்ள வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி நாலு பக்கமும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். நிலைப்படி உயரம், நிலை தாழ்வு. கணவர் முதல் தடவையே நெற்றியை இடித்துக்கொண்டார்.

"குனிஞ்சு போங்க ஐயா. இந்த வீட்டுல ராசாவா இருந்தாலும் குனிஞ்சுதான் போகணும்."

அறைக்குள் இன்னோர் அறை. வெளியறையில் கட்டில். உள்ளறையில், மகள் இணையத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டபடி, வெந்நீர் வரும் குளியலறை. "அந்தக் காலத்துல அது சாமான் அறை" என்றார் பெரியவர். மணமகள் வீட்டிலிருந்து சீராக வந்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான், பட்டு எல்லாம் அந்த உள்ளறையில்தான் பூட்டிக் கிடக்கும். சாவி அந்தப் பெண்ணின் இடுப்பில்.

நகரத்தார் வழக்கத்தில் ஒரு கல்யாணம் முடிந்தால் ஒரு 'புள்ளி' கூடியது என்று பொருள். கோயில் வரியானாலும் ஊர்ப் பொதுக்காரியமானாலும் கணக்கு தலைக்கு அல்ல, புள்ளிக்கு. பெரிய குடும்பமாக ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், மணமான மகனை வேறு வைத்துவிடுவார்கள். அவனுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு, தனிக் கணக்கு. பூசையும் விசேஷமும் பொது, அன்றாடச் சமையல் தனி. மாமியார் மருமகள் சண்டைக்கு இவ்வளவு நாகரிகமான மருந்தை வேறு எந்தச் சமூகம் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை என்று மனைவி சொல்ல, கணவர் பதில் பேசாமல் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அப்படியானால் இந்த அறை ஒரு புதுமணத் தம்பதியின் அறை. ஆனால் அதில் வாழ்ந்தவர்கள் எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று கேட்டால் கதை மாறிவிடும். வட்டித் தொழிலுக்காக பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று போன ஆண்கள் பெரும்பாலும் மூன்று வருடத் தவணையில் போனார்கள். கொண்டுவிக்கப் போவது என்று அதற்குப் பெயர். பெண்கள் இங்கேயே இருந்தார்கள். பகல் முழுக்க வளவில் வற்றல் காயும், அப்பளம் உலரும், கொட்டான் முடைவார்கள், பிள்ளைகள் ஓடும். மாலையில் விளக்கேற்றுவார்கள். கணவனின் கடிதம் கப்பலேறி வரவேண்டும்.

இன்று 'காதல் விடுதி' என்று விளம்பரம் செய்யப்படும் அறைகளில் பல, ஒரு பெண் மூன்று வருடம் காத்திருந்த அறைகள்.

வீடு காலியான கதை

மாலையில் பெரியவர் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். ஏறிப் பார்த்தால் ஊரே ஓட்டுக் கூரைகளின் கடல். கூரைகளுக்கு நடுவே அங்கங்கே சதுரச் சதுரமாக வளவுகள். சிலவற்றில் மட்டும் விளக்கு வெளிச்சம். பல சதுரங்கள் இருட்டாக இருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் கூரையே இல்லை, சுவர் மட்டும் நின்றது. ஒரு சுவரின் உச்சியில் மயில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

செட்டிநாட்டின் பணம் பெரும்பாலும் பர்மாவின் நெல்வயலில் விளைந்தது. அங்கே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள் செட்டியார்கள். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் இவர்கள் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்களிடம் இருந்தது. வந்தவர்களுக்கு வேண்டியது பணம், கிடைத்தது மண். அந்த மண்ணை இழந்த பர்மியர்களின் கோபமும் கூடவே வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது கிடைத்த கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தவர்கள் பலர். 1948-இல் பர்மா விடுதலை பெற்ற பிறகு நிலங்கள் அரசுடைமையாயின. இவர்களுக்குப் போன நிலம் போனதுதான்.

வரும்படி நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் போனார்கள். பேரப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடு மட்டும் அங்கேயே நின்றது. வீட்டைப் பராமரிக்க ஓட்டு மாற்றவேண்டும், கரையான் பார்க்கவேண்டும், ஆள் வைக்கவேண்டும். ஆனால் வீடு ஒருவருடையது அல்ல.

"இந்த வீட்டுக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டார் கணவர்.

"பதினோரு புள்ளி ஐயா. பதினோரு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் தங்க விடுறதுன்னு முடிவு பண்ணுனாக. அதுக்கே நாலு வருசம் ஆச்சு. பக்கத்து வீட்டுல ஒத்துக்கல."

பக்கத்து வீடு எது என்று அவர் கை காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. மயில் உட்கார்ந்திருந்த சுவர்தான் அது.

வளவில் பெய்த மழை

இரவுச் சாப்பாடு இரண்டாம் கட்டில், வாழையிலையில். நாட்டுக்கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு மசாலா, அரிசி களைந்த தண்ணீரில் புளியும் காய்கறியும் சேர்த்துக் கொதிக்கவைத்த மண்டி, கடைசியில் கவுனி அரிசி. பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கறுப்பு அரிசியைத் தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்தார் சமையல் அம்மா. செட்டிநாட்டுச் சமையல் என்றால் நாக்கு எரியும் காரம் என்று நினைத்திருந்த கணவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எரியவில்லை. அந்தக் காரத்தை விற்பது ஊர் ஊராக இருக்கும் உணவகங்கள்தான். வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் பட்டையும் வாசம் தரும் அளவுக்கு மட்டுமே.

பத்து மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிட்டது. அறையில் தொலைக்காட்சி இல்லை. தடித்த சுவர்களைத் தாண்டி அலைபேசிச் சமிக்ஞையும் சரியாக வரவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் போட்டால் வீடே எழுந்துவிடும் அளவுக்குச் சத்தம். இது கார்த்திகை மாதம், வெளியே குளிர்ந்த காற்று. இருவரும் படுத்துத் தூங்கிப்போனார்கள்.

இரவு இரண்டு மணி இருக்கும். ஏதோ பெரிய சத்தம் கேட்டு மனைவி எழுந்தார்.

"ஏங்க, எழுந்திருங்க. வெளியே வந்து பாருங்க."

மழை. அடுக்குமாடியில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழை அல்ல, வீட்டுக்கு உள்ளேயே பெய்கிற மழை. நான்கு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சாய்ந்திருப்பதால், அவ்வளவு பெரிய கூரையில் விழுந்த தண்ணீர் முழுவதும் நடுமுற்றத்துக்குத்தான் வருகிறது. நான்கு மூலையிலும் தகரக் குழாய்கள் வழியே தண்ணீர் தடதடவென்று கொட்டியது. குழாய்க்கு அடியில் பெரிய பித்தளை அண்டாக்கள். அவை நிறைந்து வழிந்து, கல் பாவிய முற்றத்தில் ஓடி, மூலையில் உள்ள துளை வழியாக உள்ளே போயிற்று.

பெரியவரும் எழுந்து வந்துவிட்டார். ஒரு பழைய துணியால் அண்டாவின் வாயைக் கட்டினார், குடிக்கிற தண்ணீருக்காக. மீதித் தண்ணீர் எங்கே போகிறது என்று கணவர் கேட்டதற்குக் கிணற்றுக்கு என்றார். கிணறு நிறைந்தால் தெருவோர வாய்க்கால் வழியாக ஊருணிக்கு. ஒவ்வொரு வீட்டுக் கூரையும் ஊரின் குளத்தோடு சேர்ந்திருக்கும்படி ஊரையே திட்டமிட்டிருக்கிறார்கள். மழைநீர் சேகரிப்பு என்று சட்டம் போடுவதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு.

"சத்தத்தை வச்சே சொல்லிடுவேன் ஐயா, எந்த மூலையில ஓடு நகந்திருக்குன்னு. தென்கிழக்குல ஒண்ணு நகந்திருக்கு. நாளைக்கு ஏறணும்."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். இவர்கள் இருவரும் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். பேச்சு எதுவும் பெரிதாக இல்லை. சாரல் காலில் தெறித்தது. மனைவியின் கை பக்கத்துத் தூணின் மேல் இருந்தது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் அந்தத் தூணில் வழவழவென்று ஒரு பள்ளம். கல்யாணமான பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள், கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் முதுகைச் சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்த இடம்.

மழை விட்டபோது நாலு மணி.

வெள்ளைப் பணியாரம்

காலைப் பலகாரம் இந்த ஊரில் ஓர் அவசரக் காரியம் அல்ல. முதலில் இளந்தோசை. பிறகு இட்லிக்குக் கோசமல்லி. சுட்ட கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மசித்துப் புளி விட்ட அந்தக் கூட்டை ஒரு தடவை சாப்பிட்டவர்களுக்குச் சாம்பார் மறந்துபோகும். பிறகு வெள்ளைப் பணியாரம், கூட வரமிளகாய்த் துவையல்.

வெள்ளைப் பணியாரம் பார்க்கச் சாதுவாக இருக்கும். செய்வது சாதாரண வேலையல்ல. பச்சரிசி தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து அரைப்பது கணக்கு. காயும் எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் ஓரம் பூப்போல விரியவேண்டும், நடுவே உப்பவேண்டும், நிறம் மட்டும் மாறவே கூடாது. சிவந்துவிட்டால் அது பணியாரம், வெள்ளைப் பணியாரம் அல்ல. சமையல் அம்மா ஒவ்வொன்றாக ஊற்றி எடுத்துக்கொண்டே வந்து வைத்தார். மனைவி அடுப்படிக்கே போய் நின்று பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டார். மாவு ஊற்றுகிற கையின் உயரத்தைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அதே நேரத்தில் கூரை மேல் பெரியவரின் காலடிச் சத்தம் கேட்டது. தென்கிழக்கு மூலை.

இப்படி வீட்டைத் தங்குமிடமாக்கிக் காப்பாற்றும் வழக்கம் செட்டிநாட்டில் புதிதல்ல. காரைக்குடியில் குடும்ப மனமகிழ் மன்றமாக இருந்த கட்டடம் 1990-களின் கடைசியில் 'பங்களா' என்ற விடுதியாகி, செட்டிநாட்டுச் சாப்பாட்டை உலகத்துக்குக் காட்டியது. கானாடுகாத்தானிலேயே, 1930-களில் ஒரு தந்தை தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு இன்று 'விசாலம்' விடுதி. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பழுது பார்த்து விருந்தினர் இல்லமாக்கினார்கள். திருமயத்துக்கு அருகே கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' இருக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தன. பட்டியலில் சேர்ந்தால் பெருமை வரும். ஓடு மாற்றப் பணம் தருவது இன்னும் விருந்தினர்தான்.

தூணின் விலை

கிளம்பும் வழியில் ஆத்தங்குடி. ஒரு சின்னக் கொட்டகையில் நாலு பேர் தரைக்கல் வார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் பூ வடிவ இரும்பு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்ல உருவி எடுத்தால் வண்ணங்கள் கலக்காமல் பூவாக நிற்கின்றன. மேலே சிமெண்டும் ஊர் மணலும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. மெஷின் இல்லை, சூளை இல்லை. நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும் கல் இது. யாரும் நடக்காத வீட்டில் மங்கிப்போகும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். இதற்காகத்தான் அளவு நாடா. வாசலிலேயே எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா படங்கள், பல்லாங்குழிப் பலகைகள், பூட்டு இல்லாத சாவிகள், சாவி இல்லாத பூட்டுகள். ஒரு குடும்பத்தின் கல்யாணப் புகைப்படங்கள்கூடச் சட்டம் போட்டபடி விற்பனைக்கு இருந்தன. மாப்பிள்ளை கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருக்கிறார், மணப்பெண்ணின் கழுத்தில் கனமான கழுத்தீரு. அவர்கள் யார் என்று கடையில் யாருக்கும் தெரியாது. சட்டம் தேக்கு என்பதால் விலை.

பின்பக்கக் கிடங்கில் தூண்கள். ஒரு காடே படுத்துக் கிடப்பது போல வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். விலையைச் சொன்னார், கொஞ்சம் குறைத்தும் சொன்னார். சென்னைக்கு லாரியில் ஏற்றி அனுப்பும் பொறுப்பும் தன்னுடையது என்றார்.

"எந்த ஊர் வீடுங்க இது?" என்று கேட்டார் மனைவி.

"இந்தப் பக்கம்தாம்மா. பங்காளிக எல்லாம் சேர்ந்து பிரிச்சுட்டாக. நாங்க வாங்கலேன்னா விறகாத்தான் போகும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. இடிந்துவிழப்போகிற வீட்டின் தூணைக் கரையானுக்கு விடுவதைவிட ஒரு வரவேற்பறையில் நிறுத்துவது மேல்தான். இந்தக் கடைகள் இல்லாவிட்டால் பல பொருள்கள் மண்ணோடு போயிருக்கும். ஆனால் தூணுக்கு நல்ல விலை வரவர, வீட்டைப் பழுது பார்ப்பதா பிரித்து விற்பதா என்று பங்காளிகள் உட்கார்ந்து பேசும்போது எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பதும் தெரிந்ததுதான்.

மனைவி குனிந்து ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு முழம் மேலே, வழவழவென்று ஒரு பள்ளம்.

கணவர் நாடாவை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"எட்டரை அடி கூரைக்கு இது நிக்காதுங்க" என்றார். அது உண்மையான காரணம் இல்லை என்பது கணவருக்கும் தெரியும். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

வெளியே வந்து பனையோலைக் கொட்டான் இரண்டு வாங்கினார்கள். மகளுக்கு அரக்குச் சிவப்பில் ஒரு கண்டாங்கிச் சேலை. அது தறியில் இன்றும் நெய்கிற சேலை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காரில் ஏறியதும் மனைவி மகளுக்குத் தொலைபேசியில் சொன்ன முதல் செய்தி மழையைப் பற்றி. இரண்டாவது, அடுத்த வருடம் ஆடிப் பெருக்குக்கோ கார்த்திகைக்கோ அதே அறை கிடைக்குமா பார் என்பது.

"தூண் வாங்கினீங்களாம்மா?"

"இல்லடி. அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நாம போய்ச் சாஞ்சுக்கலாம்."

போக நினைப்பவர்களுக்கு

ரயிலில் போகலாம். சென்னையிலிருந்து காரைக்குடிக்கு நேரடி ரயில்கள் உண்டு, பல்லவன் அவற்றில் பலருக்கும் தெரிந்தது. விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சியும் மதுரையும் அருகில். இரண்டிலிருந்தும் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான பருவம். வளவில் மழை பார்க்க ஆசையிருந்தால் ஐப்பசி, கார்த்திகை. சித்திரை வெயிலில் சுவர் குளிர்ந்திருந்தாலும் தெருவில் நடக்க முடியாது.

வாடகை வீட்டுக்கு வீடு மாறும். சில ஆயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். காலைப் பலகாரம் வாடகையில் சேர்ந்ததா, இரவுச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பல வீடுகளில் ஆள் எண்ணிக்கை தெரிந்தால்தான் உலை வைப்பார்கள்.

வயதானவர்கள் உடன் வந்தால் தரைத்தள அறை கேளுங்கள். படிகள் செங்குத்தானவை, நிலைப்படிகள் உயரமானவை. நெற்றியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் குடியிருக்கும் வீடுகளும் அந்தத் தெருக்களில் உண்டு. கதவு திறந்திருக்கிறது என்பதற்காகக் கேமராவோடு நுழைந்துவிட வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். வாங்க என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இன்னும் பொருள் இருக்கிறது.